அமலியின் இடது பக்கம்

புரட்டாசி முடிந்து, மழை மேகம் இன்னும் கூடாத ஒரு திங்கட்கிழமைக் காலையில் அளத்தூரில் இருந்த மூலைகள் எல்லாம் போய்விட்டன. சுவரும் சுவரும் சேர்கிற இடத்தில் சட்டியின் உட்புறம் போல ஒரு வளைவு மட்டும் இருந்தது. அறை மூலை, தெரு மூலை, மாடிப்படி திரும்புகிற மூலை, பஜார்க் கடைகளுக்கு நடுவே இருந்த சந்து மூலை, உப்பளத்துப் பாத்திகளின் நாலு மூலை என்று ஒன்று விடாமல் போயிருந்தன. அன்றைக்கு வாரிய உப்புகூடக் கல்லாக இல்லாமல் ஜவ்வரிசி மாதிரி உருண்டு உருண்டு வந்தது. வெற்றிலை துப்புகிறார்கள், மூத்திரம் பெய்கிறார்கள் என்று ஊரில் மூலைக்கு மூலை முருகன் படமும் மாதா படமும் மெக்கா படமும் போட்ட டைல்ஸை நகர நலச் சங்கம் போன மாதம்தான் ஒட்டியிருந்தது. அப்படிச் சந்தேகப்பட்டதைப் பொறுக்காமல்தான் மூலைகள் போய்விட்டன என்று சிலர் சொன்னார்கள். வேறு காரணம் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து யாரும் கேட்கவும் இல்லை, அதற்குள் எல்லோருக்கும் கால் வலிக்கத் தொடங்கியிருந்தது.

மூலை இல்லாத ஊரில் யாராலும் நிற்க முடியவில்லை. கால்கள் தாமாகச் சுவரைத் தேடிப் போயின, சுவரைத் தொட்டதும் அதை ஒட்டியே நடந்தன, ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றைத் தொடங்கின. கட்டிலில் படுத்தாலும் உடம்பு உருண்டு இறங்கிச் சுவரோரம் போய் நடக்க ஆரம்பித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தவர்கள் ஐந்து நிமிடத்தில் கை கடுத்து விட்டுவிட்டார்கள். ஊரை விட்டே போய்விடலாம் என்று கிளம்பியவர்கள் உப்பளக் கரை வரைக்கும் போய், கரையை ஒட்டியே நடந்து, ஊரை ஒரு முழுச் சுற்று சுற்றி, சாயங்காலம் கிளம்பிய வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள். வெளியூர் லாரிக்காரர்கள் கரைக்கு அந்தப் பக்கமே நின்று காய்கறி மூட்டைகளை உருட்டிவிட்டுப் போனார்கள்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. முதல் நாள் ஒருவர்மேல் ஒருவர் முட்டி நெற்றி வீங்கியதில், இனி எல்லோரும் இடது கையைச் சுவரில் வைத்துத்தான் நடக்க வேண்டும் என்று சங்கச் செயலாளர் தாவீது அண்ணாச்சி மைக்கில் சொன்னார். ஒரு வாரத்தில் எல்லா வீட்டுச் சுவரிலும் இடுப்பு உயரத்தில் சுண்ணாம்பு தேய்ந்து ஒரு கோடு விழுந்தது, பிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்குக் கீழே இன்னொரு கோடு. அடுப்பைச் சுவரோரம் நகர்த்தி, வீட்டில் உள்ளவர்கள் கடந்துபோகும்போதெல்லாம் ஆளுக்கொரு கிண்டு கிண்டினார்கள். சீரியலைத் துண்டு துண்டாகப் பார்த்தார்கள். முகம் வரும்போது டிவிக்கு எதிரே இருந்தவர், அழுகை வரும்போது அடுக்களைப் பக்கம் போயிருப்பார். புருஷனும் பெஞ்சாதியும் முன்னும் பின்னுமாக ஒரே திசையில் நடந்ததால் சண்டை போட்டால் சுவாரசியமே இல்லை. உண்மையாகக் கோபம் வந்தவர் எதிர்த்திசையில் நடந்து, சுற்றுக்கு இரண்டு தடவை எதிரே வரும்போது ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல வேண்டியிருந்தது. கோயிலுக்குப் போகிறவர்களுக்குச் சிரமம் இல்லை, அங்கே எப்போதும் சுற்றுவதுதான். மாதா கோயிலில் முழங்கால் போட முடியாமல் சாமியார் நடந்துகொண்டே பூசை வைத்தார். தூங்குவதும் அப்படித்தான். கையைச் சுவரில் வைத்து, தலை தொங்க, வாய் திறந்து, சுற்றிச் சுற்றி வந்துகொண்டே ஊர் தூங்கியது. விழித்தபோது தூங்கின மாதிரி இல்லை.

இதையெல்லாம் ஏற்கெனவே எங்கோ பார்த்திருக்கிறோம் என்று அமலிக்கு மட்டும் தோன்றியது. எங்கே என்றும் அவளுக்குத் தெரியும்.

அமலி பெண்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, நாலு பேர் பார்க்கிற இடத்தில் தண்ணீர் குடிக்கக்கூடக் கூச்சப்படுவாள். இரண்டு வருடமாக இந்துமதி மேடத்தின் ஆராய்ச்சிக்காகக் கண்ணாடித் தட்டுகளில் தட்டைப்புழுக்களை விட்டு, எந்த வடிவத் தட்டில் அது எப்படி நகர்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டிருந்தாள். நகத்தளவுகூட இல்லாத, சாம்பல் நிறத்தில் வழுக்கிக்கொண்டே போகிற, மாறுகண் போட்டது மாதிரி இரண்டு கண் உள்ள புழு. சதுரத் தட்டில் விட்டால் ஓரமாகவே போய், ஒரு மூலையைக் கண்டதும் சுருங்கி நிற்கும். முக்கோணத் தட்டில் கூரான மூலைக்குள் முகத்தைக் கொடுத்து அடங்கிவிடும். வட்டத் தட்டில் விட்டால் நிற்க இடம் தெரியாமல் ஓரத்தோடு போய்க்கொண்டே இருக்கும். அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அமலிக்குத் தன் கால் வலிப்பது போல இருக்கும், ஆனால் அதை எழுதக் கட்டம் இல்லாததால் எழுதியதில்லை.

அவளுடைய அக்கா பிரகாசிக்கு ஐம்பத்திரண்டு வயது. பஜாரில் தையல் கடை வைத்திருந்தாள், புருஷன் செத்த பிறகு அமலியோடு வந்துவிட்டாள். அவளுக்கு வலது பாதத்தில் சர்க்கரைப் புண். மூலைகள் போன அன்றைக்கு அது எட்டணா அகலம் இருந்தது. எட்டாம் நாள் டாக்டரம்மா வந்து, பிரகாசிக்குப் பின்னாலேயே குனிந்து நடந்து, பாதம் தூக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தார்.

"இது ஆறணும்னா," என்று ஜன்னலருகே தொடங்கினார்.

"ஆறணும்னா?" என்று பீரோவருகே அமலி கேட்டாள்.

"மூணு வாரம் தரையில படக்கூடாது." அதற்குள் அடுக்களை வாசல் வந்திருந்தது. "பட்டுக்கிட்டே இருந்தா முட்டிக்குக் கீழ எடுத்துர வேண்டியதுதான்."

அவர் அப்படியே வாசல் வழியாக அடுத்த வீட்டுச் சுவரைப் பிடித்துப் போய்விட்டார். அடுத்த சுற்றில் பிரகாசி திரும்பி அமலியைப் பார்த்தாள்.

"ஏட்டி, அந்தப் புழுவ வெட்டுனா முளைக்கும்னு சொன்னியே."

"ஆமா."

"அப்பம் என் கால வெட்டுனதும் ஒரு தட்டுல தண்ணி ஊத்திப் போட்டு வையி. நல்ல காலா முளைச்சா எடுத்துக்கிடுவோம்."

"அது புழு, அக்கா."

"நான் என்ன பெரிய பாண்டிய ராணியா? புழு சுத்துற சுத்துதான சுத்துதேன்."

சிரித்தாள். சிரிக்கும்போதே பாதம் தரையில் பட, பல்லைக் கடித்தாள். அவளைக் கட்டிலோடு சேர்த்துச் சேலையால் கட்டிப் பார்த்தார்கள். கட்டுக்குள்ளேயே கால் நடந்து, புண் துணியில் உரசி இன்னும் கிழிந்தது. இரண்டு பலகையைச் சாய்த்து மூலை செய்து பார்த்தார்கள். கையை எடுத்ததும் பலகை வெயிலில் காய்ந்த அப்பளம் போல வளைந்துபோனது.

மறுநாள் அமலி ஆய்வகத்துக்குப் போனாள். தட்டுகள் எல்லாம் வட்டமாகிக் கிடந்தன. புழுக்கள் ஓரத்தோடு போய்க்கொண்டிருந்தன, அவளும் மேசையை ஒட்டிப் போய்க்கொண்டே பார்த்தாள். கடைசித் தட்டில் மட்டும் ஒரு புழு நின்றிருந்தது. போன வாரம் மேடம் வெட்டிப்போட்ட புழு அது, தலையில்லாத பாதி. புதுத் தலை முளைக்கிற வரைக்கும் அது அசையாது. தட்டின் ஓரத்தோடு ஒட்டிக் கிடந்தது. சுற்றிக்கொண்டு வந்த முழுப்புழு ஒன்று, அந்தப் பாதி உடம்பும் கண்ணாடியும் சேர்கிற இடுக்கில் தலையைக் கொடுத்து, நின்றுவிட்டது.

அமலி மேசையை ஏழு தடவை சுற்றினாள். ஏழு தடவையும் அது நின்றிருந்தது.

வீட்டுக்கு வந்தாள். ஜன்னலுக்குக் கீழே சுவரில் முதுகை ஒட்டி வைத்து, துண்டால் இரண்டு மணிக்கட்டையும் ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு, கால் விரல்களைத் தரையில் ஊன்றி நின்றாள். கால்கள் இழுத்தன. பஸ் ஸ்டாண்டில் எஞ்சினை அணைக்காமல் நிறுத்திய வண்டி போல முழங்கால் முதல் இடுப்பு வரைக்கும் அதிர்ந்தது. பிரகாசி சுற்றிக்கொண்டு வந்தாள், அமலியின் வலது இடுப்பும் சுவரும் சேர்கிற இடத்துக்கு வந்ததும் தோள் பட்டு, நின்றாள். அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். ஒன்பது நாளுக்குப் பிறகு உட்கார்ந்தாள்.

"ஏட்டி, இது எப்படிட்டி?" என்றாள். அமலி வாயைத் திறக்குமுன் குறட்டை வந்துவிட்டது.

உடம்பையே மூலையாக்குகிற விஷயம் இவ்வளவுதான். கஷ்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான் இருந்தது. அமலி அசைந்தால் மூலை போய்விடும், அக்காவின் கால் தரையில் இறங்கிவிடும். கல்லூரிக்கு லீவு எழுதிக் கொடுத்தாள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, அவசரத்துக்குப் போய்வரும் நேரம் மட்டும் கட்டை அவிழ்த்தாள். அந்தக் கொஞ்ச நேரம் பிரகாசி பாதத்தைச் சரித்துக் குதிகாலில் நடந்தாள். பிரகாசி உட்கார்ந்த இடத்திலிருந்தே இட்லியைப் பிட்டு மேலே நீட்ட, குனியாமல் வாயில் வாங்கிக்கொண்டாள். நின்றபடியே தூங்கினாள், அல்லது கண்ணை மூடினாள்.

அமலி நின்ற மூன்றாம் நாள் எதிர்வீட்டுச் சந்தனமேரி பால் கொடுக்க வந்து, செம்பு இடது கையில் இருந்ததால் வலது கையைச் சுவரில் வைத்து வந்தவள், அவளுடைய இடது பக்கத்தில் தட்டி நின்றுவிட்டாள். சுவரில் சாய்ந்த உடம்புக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. சந்தனமேரி பால் செம்போடு உட்கார்ந்தாள், அழுதாள், அப்படியே தூங்கினாள். மாலைக்குள் தெரு முழுக்க அமலி வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது.

தாவீது அண்ணாச்சி நோட்டில் முறை எழுதினார். காலை ஆறு முதல் மாலை ஆறு வரைக்கும் ஆளுக்கு அரை மணி, ஒரு நாளைக்கு இருபத்து நாலு பேர். தள்ளுமுள்ளு கூடாது, குறட்டை விடலாம். "அமலிக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?" என்று ஒரு சுற்றில் கேட்டார். வேண்டாம் என்கிற சொல் அமலிக்கு எப்போதும் தொண்டை வரைதான் வரும். அது வருவதற்குள் அவர் அறையின் அந்தப் பக்கம் போயிருந்தார். திரும்பி வந்தபோது, "சந்தோசம்மா," என்றார்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நிற்க ஏங்கிய ஊர் அது. ஓயாமல் நடக்கிற கண்களுக்கு, ஒரே இடத்தில் அசையாமல் இருக்கிற ஒருத்தி ஓய்வெடுப்பதாகத்தான் தெரிந்தாள். "கொடுத்து வச்சவ, நிக்கா பாரு," என்று ஒரு சுற்றில் ஒருத்தி சொல்ல, "போன பிறவியில என்ன செஞ்சாளோ," என்று பின்னால் வந்தவள் முடித்தாள். எலுமிச்சம்பழம் கொண்டுவந்து காலடியில் உருட்டினார்கள். ஒருத்தி பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கால் சுடுது பாத்தியளா, சக்தி இறங்கியிருக்கு," என்றாள். மற்றவர்களும் தொட்டார்கள். வீங்கிய பாதத்தில் அவர்களுடைய விரல்பட்ட பள்ளங்கள் அரை மணி நேரம் மேலெழும்பாமல் கிடந்தன.

பிரகாசி பெரும்பாலும் தூங்கினாள். விழித்திருந்தபோது வைதாள். "பிச்சைக்காரப் பயலுவளா, அவ என்ன மாதா கோயில் கொடிமரமா?" என்று கத்துவாள். அமலி, "இருக்கட்டும் அக்கா," என்பாள். அக்காவுக்கு வலது பக்கம் போதும், இடது பக்கம் சும்மாதானே இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் சும்மா இருந்த பக்கத்தில் ஒருவர் சாய்ந்தால், தாங்குவதும் சேர்ந்துவிடுகிறது. அது அவளுக்குப் பத்தாம் நாள்தான் புரிந்தது. அதற்குள் நோட்டில் அடுத்த மாதம் வரைக்கும் பெயர் எழுதியாகிவிட்டது.

மதியம் மூன்று மணி முறை முத்துப்பேச்சியுடையது. உப்பளத்தில் உப்பு வாரி ஒதுக்குகிற பொம்பளை, அறுபதுக்குப் பக்கம் வயது, கணுக்கால் வரைக்கும் வெடித்து வெளுத்த கால். யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். வந்து சாய்ந்து, கல் விழுந்தது மாதிரி தூங்கி, மூன்றரைக்கு எழுந்து போய்விடுவாள்.

பதினான்காம் நாள் காலையில் டாக்டரம்மா வந்தார். இந்தத் தடவை பிரகாசியின் கால் தலையணைமேல் அசையாமல் இருந்ததால், கடந்துபோகும் ஒவ்வொரு சுற்றிலும் நன்றாகப் பார்க்க முடிந்தது.

"ஓரம் எல்லாம் சிவப்பா வந்திருக்கு. நல்ல சிவப்பு," என்றார். "இன்னும் ஒரே வாரம். விட்டுராதீங்க."

பிரகாசி அமலியை நிமிர்ந்து பார்த்தாள். அமலி எதிர்ச்சுவரில் தேய்ந்த கோட்டைப் பார்த்தாள். ஒரு வாரம் என்றால் ஏழு நாள், ஏழு நாளைக்கு நூற்று அறுபத்தெட்டு பேர் என்று மனதில் ஓடியது. தன்னால் இன்றைக்குச் சாயங்காலம் வரைகூட முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மூன்று மணிக்கு முத்துப்பேச்சி வந்து சாய்ந்தாள். மூன்றே கால் இருக்கும், அமலிக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. துண்டு நெகிழ்ந்தது. அவள் சுவரோடு சரிந்து பக்கவாட்டில் விழுந்தாள், விழுந்த வேகத்தில் உருண்டு எழுந்து அவளுடைய கால்கள் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கின. மூலை போய்விட்டது. பிரகாசியின் கால் தலையணையிலிருந்து வழுக்கித் தரையில் இறங்கியது. அவள் "அய்யோ, அம்மா" என்று அலறிக்கொண்டே எழுந்து நடந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் பாதத்துக் கட்டுத் துணியில் சிவப்பு தெரிந்தது.

வாசலில் காத்துக்கொண்டு சுற்றிய கூட்டம் ஒன்றும் புரியாமல் சுற்றியது. "சாமிக்கு என்ன ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

தூக்கம் கலைந்த முத்துப்பேச்சியும் எழுந்து நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அமலியின் கால்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் அவற்றை ஒரு சுற்று முழுக்கப் பார்த்தாள். கணுக்கால் எங்கே முடிகிறது, பாதம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் தூண் மாதிரி இருந்த கால்கள்.

ஜன்னலுக்குக் கீழே வந்ததும் முத்துப்பேச்சி திரும்பி, முதுகைச் சுவரில் மோதி, கையை மேலே போட்டுக் கம்பியைப் பிடித்து, நின்றாள். அதிர்ந்தது. பல்லைக் கடித்தாள். அதிர்வு கொஞ்சம் அடங்கியது. சுற்றிக்கொண்டு வந்த பிரகாசியை மற்றொரு கையால் எட்டிப் பிடித்துத் தன் வலது பக்கத்தில் அழுத்தி உட்கார வைத்தாள்.

"கால மேல தூக்கு, ஆத்தா. தூக்கு."

பிறகு வாசலைப் பார்த்தாள்.

"எவட்டி சொன்னா நிக்கது ஓய்வுன்னு? உப்பளத்துல எட்டு மணி நேரம் பாத்தியில நின்னு பாத்திருக்கியளா? நிக்கது வேலைட்டி. உடம்புல உள்ள எல்லா வேலையிலயும் கொடுமையான வேல. இந்தப் பிள்ள பதினாலு நாளா வேல பாத்திருக்கு, நம்ம எலுமிச்சம்பழத்த உருட்டியிருக்கோம். நானும் தின்னுட்டுத் தூங்கியிருக்கேன், தூ." 

அமலி அவளைக் கடந்துபோகும்போது, "நான் நிக்கேன் அத்த, நீங்க விடுங்க," என்றாள்.

"போளா. போயி ஒரு சுத்து சுத்திட்டு வா."

அமலி நடந்தாள். கால் வலிக்கும் என்று நினைத்தாள், வலித்தது, ஆனால் வலி ஓரிடத்தில் தேங்காமல் நகர்ந்தது. பீரோவைக் கடந்தாள். அடுக்களைச் சுவரின் தேய்ந்த கோட்டில் உள்ளங்கையை வைத்தாள், சுவர் குளிர்ந்திருந்தது. ஊரே சலித்துப்போன அந்த நடை, நின்று நின்று மரத்த அவளுடைய தொடைக்குள் வெந்நீர் ஊற்றினது போல இறங்கியது. அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒரு சுற்று, அழாமல் ஒரு சுற்று நடந்தாள்.

மூன்றரைக்குத் தாவீது அண்ணாச்சி பெஞ்சாதியோடு நோட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "மூணரைக்கு என் முறை," என்று அவர் முத்துப்பேச்சியின் இடது பக்கத்தைப் பார்த்து வர, அமலி வழக்கம்போல ஒதுங்கப் போனாள். பிறகு, எப்படி என்று அவளுக்கே தெரியாமல், ஒதுங்கவில்லை. தொண்டையில் இருந்தது வெளியே வந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி. நான் உக்காரப் போறேன்."

உட்கார்ந்தாள். முத்துப்பேச்சியின் சேலையில் உப்பு வாடை அடித்தது.

அண்ணாச்சியின் கால்கள் அவரைக் கடத்திக்கொண்டு போயின. அடுத்த சுற்றில், "அப்பம் என் முறை என்ன ஆகுது?" என்றார்.

"உம்ம முறை நிக்கதுக்கு," என்றாள் முத்துப்பேச்சி. "அந்தா பீரோவுக்கு அந்தப் பக்கம் சுவர் சும்மாதான கெடக்கு."

"நானா?"

"ஏன் ஓய், உமக்கு முதுகு இல்லியா?"

வாசலில் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி நோட்டைப் பார்த்தபடி மூன்று சுற்று வந்தார். நாலாவது சுற்றில், பீரோவைத் தாண்டிய இடத்தில், தண்ணீரில் இறங்குகிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு முதுகைச் சுவரில் வைத்தார். ஆணியில் தொங்கிய காலண்டரை உதறிவிட்டு ஆணியைப் பிடித்தார். வேட்டி நடுங்கியது.

"ஏம்மா அமலி," என்றார் மெதுவாக. "இப்படியா இழுக்கும்?"

அதற்குள் பின்னால் வந்த அவர் பெஞ்சாதி அவருடைய இடுப்புக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

முத்துப்பேச்சியின் கால்களுக்கு முன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் அக்காவும் தங்கையும் சாய்ந்துகொண்டார்கள். அமலி பிரகாசியின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். கட்டுத் துணியில் ஒரு நாவல்பழம் அளவுக்குச் சிவப்பு இருந்தது. அது பெரிதாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஆகவில்லை, ஓரம் காய்ந்து கறுக்கத் தொடங்கியிருந்தது.

"ஏட்டி," என்றாள் பிரகாசி, கண்ணைத் திறக்காமல். "கால் இருக்கா?"

"இருக்கு அக்கா."

"யாரு நிக்கா?"

அமலி தூங்கிவிட்டிருந்தாள்.